ஜெர்மனியின் மாநில அமைப்பைப் புரிந்துகொள்ளும் வழி

ஜெர்மனியின் 16 மாநிலங்களையும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. முதலில் அவற்றுள் பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் ஆகிய மூன்று நகர மாநிலங்களைத் தனியே எடுத்துவைத்துவிட வேண்டும். இவற்றில் பிரேமன் சற்று விசித்திரமானது: இடையில் வேறொரு மாநிலத்தின் நிலம் கிடக்க, பிரேமன், பிரேமர்ஹாவன் என்னும் இரு நகரங்களும் சேர்ந்தே அந்த மாநிலம். பவேரியா, சாக்சனி, துரிங்கியா ஆகியவை தம்மைச் ‘சுதந்திர அரசு’ என்று அழைத்துக்கொள்வதைக் கண்டு மயங்க வேண்டாம்; அந்தப் பட்டத்தால் அவற்றுக்குக் கூடுதல் அதிகாரம் எதுவும் இல்லை.

அடுத்து எல்லைகளின் வயதைப் பார்க்க வேண்டும். பழைய ஜெர்மனியின் மிகப்பெரிய மாநிலமான பிரஷ்யா 1947இல் சட்டப்படி கலைக்கப்பட்டது. பாடன்-வூர்ட்டம்பெர்க் 1952இல் மூன்று மாநிலங்கள் இணைந்து உருவானது. சார்லாந்து 1957இல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் ஐந்து மாநிலங்கள் 1990இல் வந்தன.

ஒரு துறை யார் கையில் இருக்கிறது என்று அறிய, ஜெர்மனியின் அரசியலமைப்பான, 1949ஆம் ஆண்டின் அடிப்படைச் சட்டத்தில் 30ஆம் பிரிவிலிருந்து தொடங்குவதே சரி. கூட்டரசுக்கென்று, அதாவது மத்திய அரசுக்கென்று, அச்சட்டம் ஒதுக்காத அரசு அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது என்பது அதன் சாரம். பள்ளிக் கல்வியும் பெரும்பாலான காவல் பணியும் மாநிலங்களிடம் இருப்பது இதனால்தான். ஆயினும் பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில்: சட்டம் இயற்றுவது யார் என்று கேட்டதோடு நின்றுவிடாமல், அதை நடைமுறைப்படுத்துவது யார் என்றும் கேட்க வேண்டும். வருமான வரிச் சட்டம் கூட்டரசினுடையது; அந்த வரியை வசூலிக்கும் அலுவலகமோ மாநில அரசினுடையது.

மாநிலங்கள் கூட்டரசின் சட்டங்களில் தலையிடும் இடம் பூண்டஸ்ராட் என்னும் அவை. அங்கே அமர்பவர்கள் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர், மாநில அரசுகளின் உறுப்பினர்கள். மொத்தம் 69 வாக்குகள். மக்கள்தொகைக்கு ஏற்ப ஒரு மாநிலத்துக்கு 3 முதல் 6 வரை உண்டு. ஒரு மாநிலத்தின் வாக்குகள் பிரியாமல் ஒரே பக்கமாக விழ வேண்டும் என்பதால், கூட்டணிக் கட்சிகள் உடன்படாத மாநிலம் பெரும்பாலும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்கிறது. தீர்மானம் நிறைவேறக் குறைந்தது 35 வாக்குகள் தேவைப்படுவதால் அப்படி ஒதுங்குவதும் எதிர்த்து வாக்களிப்பதும் ஒன்றே.

எல்லைகளை மாற்ற வழி உண்டு, ஆனால் மக்கள் ஒப்ப வேண்டும்: பெர்லினையும் பிராண்டன்பர்கையும் இணைக்கும் திட்டம், 1996 வாக்கெடுப்பில் பெர்லின் இசைந்தும் பிராண்டன்பர்க் மறுத்ததால் விழுந்தது. நாடு மாநிலங்களாகப் பிரிந்திருக்கும் ஏற்பாட்டையே நீக்குவதற்கு மட்டும், அடிப்படைச் சட்டத்தின் 79ஆம் பிரிவின்படி, அரசியலமைப்புத் திருத்தத்தாலும் இயலாது.