ஒரே தாளில் மனிதவளத் திட்டம்: சிறு தொழில் நடத்துபவர்களுக்கு

நாகர்கோவிலில் நேந்திரங்காய் சிப்ஸ் போடுவது என் தொழில். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்குப் பணம் கொடுத்து 'மனிதவள உத்தி' எழுதி வாங்கினேன். நாற்பது பக்கம். தராசு ஆடாமலிருக்க இப்போது அதைத்தான் அடியில் வைத்திருக்கிறோம். அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறது. கடையை நடத்துவது ஒரே ஒரு வெள்ளைத்தாள். அதை எழுதும் முறை இதுதான்.

முதலில் வேலைகளை எழுதுங்கள், ஆட்களை அல்ல. தோல் உரிப்பது, எண்ணெய்ச் சட்டி, பொட்டலம், கல்லா, கொள்முதல் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம் போடுங்கள்: செய்பவர், அவர் வராத நாளில் செய்யக்கூடியவர். இரண்டாம் கட்டம் எங்கே காலியோ அங்கேதான் கடை ஒரு நாள் நின்றுபோகும்.

எனக்குச் சட்டிக்கு எதிரே காலி. எங்கள் மாஸ்டர் கொதிக்கும் தேங்காயெண்ணெய்க்கு நேர் மேலேயே காயைப் பிடித்துச் சீவுவார். பாதி வெந்ததும் மஞ்சள் கலந்த உப்புத் தண்ணீர் ஒரு கரண்டி. எண்ணெய் பொங்கிச் சடசடக்கும். அந்தச் சத்தம் அடங்குகிற நேரம் பார்த்து அரித்தெடுக்க வேண்டும். ஓணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல். நான் போட்ட சிப்ஸை என் வீட்டிலேயே யாரும் தொடவில்லை.

மறு ஆண்டு, ஆர்டர் குறைந்த ஆடி மாதத்தில் ஒரு பையனை மாஸ்டர் பக்கத்தில் நிற்க வைத்தேன். "என்னை அனுப்பிவிடப் போகிறீர்களா அண்ணாச்சி?" என்று கேட்டார். கற்றுக்கொடுப்பதற்குத் தனியாக ஒரு தொகை சம்பளத்தோடு சேர்ந்த பிறகே முகம் தெளிந்தது. இந்தச் செலவைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது விடுமுறை. தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. நம் மாவட்டத்தில் அந்த ஐந்தைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியமா? கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை, ஓணம், ரம்ஜான், பொங்கல். எல்லோரையும் உட்காரவைத்து ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள். எங்களிடம் தேருக்குப் போகிறவர்களின் வேலையை மற்றவர்கள் பார்ப்பார்கள். டிசம்பர் 3, சவேரியார் திருவிழா அன்று, மற்றவர்களின் வேலையைப் பார்ப்பது தேருக்குப் போகிறவர்கள் முறை.

சட்டக் கணக்கைத் தாளின் ஓரத்தில் குறித்தால் போதும். பத்து பேர் ஆனால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, அவர்கள் பங்கு 0.75 சதவீதம், நம் பங்கு 3.25. பெண்களின் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவும் அதே பத்தில். இருபதைத் தொட்டால் பி.எஃப். ஒன்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு; சட்டிப் பக்கம் அவர்களை ஒரு நாள் நிற்கச் சொல்ல வேண்டும்.

பென்சிலால் எழுதி, கல்லாவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழித்துத் திருத்துங்கள். என் தாளில் இன்னும் காலியாக இருப்பது ஒரே கட்டம், கொள்முதலுக்கு எதிரே. அந்த வரியில் முதல் பெயர் என்னுடையது.