எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகிறீர்களா? எந்த இரவு எந்த உயரத்தில் என்று முதலில் பாருங்கள்

நேபாளத்தில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போகும் வழியில் இருக்கும் லோபுச்சேயில் அன்று சாயங்காலம் என் ஷூ நாடாவை என்னால் கட்ட முடியவில்லை. கை விறைத்துப்போகவில்லை. எந்த முனையை எதன் மேல் போட வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. எங்கள் கைடு அதைக் கவனித்துவிட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சாப்பாட்டு அறையின் பலகைத் தரையில் ஒரு கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரல் நுனியில் படும்படி அடிமேல் அடி வைத்து நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியிலேயே பக்கவாட்டில் சாய்ந்தேன். "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். அவர் கேட்கவில்லை. தலைவிளக்கை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி, இருட்டிலேயே கீழே இருக்கும் பெரிச்சே கிராமத்துக்கு இறக்கிக் கூட்டிப்போனார். 500 மீட்டருக்கு மேல் இறங்கியிருப்போம். கீழே வரவர என் தலைக்குள் இருந்த மூட்டம் விலகியது எனக்கே தெரிந்தது.

நேபாளியில் அண்ணனை 'தாய்' என்று கூப்பிடுவார்கள். வழியெல்லாம் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். அந்த இரவில் அந்தச் சொல்லின் தமிழ்ப் பொருளும் அவருக்குப் பொருந்திப்போனது.

தவறு மலையில் நடக்கவில்லை. பணம் கட்டும்போதே நடந்துவிட்டது. விமானத்தில் இறங்கி நடக்கத் தொடங்கும் ஊரான லுக்லாவிலிருந்து கிளம்பி லுக்லாவுக்கே திரும்ப ஒன்பது நாள் என்று ஓர் ஏற்பாட்டாளர் கொடுத்த திட்டத்தில் ஓய்வு நாளே கிடையாது. லீவும் மிச்சம், பணமும் மிச்சம் என்று சரி சொல்லிவிட்டேன். அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்று எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு பேனாவை எடுத்து, ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றிரவு தூங்கும் இடத்தின் உயரத்தை எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர் நடை என்பது பிறகு. 3,000 மீட்டரைத் தாண்டிய பின், தூங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி இது. லுக்லா 2,860 மீட்டர். முதல் இரவு ஃபாக்டிங், 2,610. அடுத்து நாம்சே பஜார், 3,440. ஒரே நாளில் 830 மீட்டர் ஏறிவிடுவதால் அங்கே இரண்டு இரவு கட்டாயம். பிறகு தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410. அதற்கு முன்னும் பின்னும் ஏற்றம் 500-ஐச் சற்றே தாண்டுவதால் திங்போச்சேயிலும் இரண்டு இரவு. அப்புறம்தான் லோபுச்சே 4,940, கோரக் ஷெப் 5,164. 5,364 மீட்டரில் இருக்கும் பேஸ் கேம்ப்பை எட்டிப் பார்த்துவிட்டு, தூங்க கோரக் ஷெப்புக்கே திரும்பிவிடுவோம். நாம்சேயிலோ திங்போச்சேயிலோ இரண்டாவது இரவு இல்லாத திட்டத்துக்கு, எவ்வளவு மலிவாக இருந்தாலும், பணம் கட்டாதீர்கள்.

ஓய்வு நாள் என்றால் போர்த்திப் படுப்பது இல்லை. நாம்சேயிலிருந்து 3,880 மீட்டரில் இருக்கும் எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை மெல்ல ஏறி, ஒரு டீ குடித்துவிட்டு இறங்கிவிட வேண்டும். உயரே ஏறி, தாழ்வில் தூங்குவதுதான் சூட்சுமம். பேஸ் கேம்ப்பில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். தினமும் ஓடிப் பழகியவர்களுக்கும் இதில் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அவர்கள் வேகமாக ஏறிச் சிக்கிக்கொள்வதை அந்தப் பயணத்திலும், பிறகு போன இரண்டாவது பயணத்திலும் பார்த்தேன். கைடு நாளுக்கு நூறு தடவை சொல்லும் சொல் 'பிஸ்தாரை', அதாவது மெல்ல. மூக்கால் மூச்சுவிட்டபடி பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா? அதுதான் சரியான வேகம்.

தலைவலியோடு பசியின்மை, குமட்டல், அசதி ஏதாவது சேர்ந்தால் மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மேலே ஏறாதீர்கள். கூடிக்கொண்டே போனால் இறங்குங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ராத்திரி பகல் பார்க்காமல் உடனே இறங்க வேண்டும். முதலாவது மூளை வீங்குவதன் அறிகுறி, இரண்டாவது நுரையீரலில் நீர் சேர்வதன் அறிகுறி. இரண்டுமே உயிரை எடுத்துவிடும். அசிட்டசோலமைடு மாத்திரையை 125 மில்லிகிராம் அளவில் காலையும் இரவும் எடுப்பது வழக்கம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாமல் போகலாம் என்பதால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிகிச்சை நிலையம் உண்டு. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மருத்துவர்கள் இருப்பார்கள். என்னைத் தேற்றியது அங்கேதான்.

ஏற்பாட்டாளரிடம் பேசும்போது, திரும்பலாம் என்று முடிவெடுப்பது யார் என்று கேளுங்கள். "நீங்கள் சொல்கிறபடி" என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். உயரத்தில் முதலில் கெடுவது நம் புத்திதான். கைடு உரிமம் பெற்றவரா, இதே பாதையில் எத்தனை பருவம் நடந்தவர், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் கொண்டுவருவாரா என்றும் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியமாக, போர்ட்டர்களைப் பற்றிக் கேளுங்கள். ஒருவர் தலையில் 30 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது போர்ட்டர் நல அமைப்புகள் வைத்திருக்கும் வரம்பு. இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்றால் உங்கள் பை 12 கிலோவுக்குள் அடங்கட்டும். அவருடைய சொந்தச் சாமானும் அதோடுதானே ஏறுகிறது. லுக்லாவில் நடக்கத் தொடங்கும் முன் அவர் காலைப் பாருங்கள். தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு ஒருவர் என் பையைத் தூக்கி நெற்றிப்பட்டையில் மாட்டியதைப் பார்த்துவிட்டு, நாம்சேயில் கடை தேடி அலைந்தேன். அவருக்குக் காப்பீடும் கம்பளி உடையும் இருக்கிறதா என்று ஊரிலிருந்தே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது முறை கேட்டேன்.

உங்கள் காப்பீடு 6,000 மீட்டர் வரையிலான மலைநடையையும் ஹெலிகாப்டர் மீட்பையும் சேர்த்தே ஏற்க வேண்டும். தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரில் ஏற்றிக் காப்பீட்டுப் பணம் பார்த்த விவகாரத்தை 2018-ல் நேபாள அரசே விசாரித்தது. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் என்று யாராவது அவசரப்படுத்தினால் மருத்துவரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

லுக்லா விமானத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் உபரியாக வையுங்கள். 527 மீட்டர் ஓடுபாதை அது. மேகம் இறங்கினால் ஒன்றும் பறக்காது. அக்டோபர், நவம்பர் போன்ற நெரிசல் மாதங்களில் பல விமானங்கள் காட்மாண்டுவிலிருந்து கிளம்பாமல் ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும். அங்கே போய்ச்சேர, காட்மாண்டுவில் நடுராத்திரியிலேயே வண்டியேற வேண்டியிருக்கும். பாதை போகும் சாகர்மாதா தேசியப் பூங்கா நுழைவில், இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் கட்டணம் குறைவு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பாதையில் சுமை மாடுகள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் ஒரு மூட்டை இடித்தாலே போதும். மந்திரம் செதுக்கிய கற்சுவர்களை வலக்கைப் பக்கம் வைத்துக் கடக்க வேண்டும். ராத்திரி பேட்டரிகளையும் போனையும் தூக்கப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள், குளிரில் சார்ஜ் நிற்காது.

இரண்டாவது பயணத்தில் அதே தாய்தான் வந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் அதே கோட்டு நடை. பேஸ் கேம்ப்பில் நின்றால் எவரெஸ்ட் உச்சி கண்ணில் படாது. அதைப் பார்க்கப் பக்கத்தில் இருக்கும் காலா பத்தர் என்ற மேட்டில் ஏற வேண்டும் என்பதால் கோரக் ஷெப்பில் நாலரை மணிக்கு எழுப்பினார். நான் நாடாவைக் கட்டி முடிக்கும்வரை விளக்கை என் ஷூவின் மேலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்பளிப்பை லுக்லாவில் கடைசிச் சாயங்காலமே, நேபாள ரூபாயில், போர்ட்டர் கையிலும் கைடு கையிலும் தனித்தனியே கொடுங்கள். மறுநாள் நீங்கள் எழுவதற்குள் போர்ட்டர்கள் அடுத்த சுமையோடு கிளம்பியிருப்பார்கள்.