மருத்துவ முகாமுக்கு முன் கழிப்பறையைப் பாருங்கள்

மாற்றுத்திறனாளிகள் பணிபுரியும் நிறுவனத்தில் ஊழியர் நலத் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் இரத்தப் பரிசோதனை முகாமில் தொடங்குகிறார்கள். கழிப்பறையில் தொடங்குவதே நல்லது. சக்கர நாற்காலி நுழைய முடியாத கழிப்பறை உள்ள இடத்தில், நாற்காலியில் வரும் ஊழியர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார் என்பதால், குறிப்பாக முதுகுத்தண்டு பாதிப்பு உள்ளவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும் வாய்ப்பு கூடுகிறது. "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற சுவரொட்டி அவருக்கு எரிச்சலைத்தான் தரும். கதவைத் திறந்தபின் கிடைக்கும் வழி 90 செ.மீ. அகலமாவது இருக்கிறதா என்று நாடா வைத்து அளந்து பாருங்கள்.

நெடுநேரம் அமர்ந்தே இருப்பவர்களுக்கு, உடல் எடை ஒரே இடத்தில் அழுந்துவதால் தோலில் உண்டாகும் அழுத்தப் புண் மற்றோர் ஆபத்து. அரை மணிக்கு ஒருமுறையாவது கைப்பிடியை ஊன்றி உடலைச் சற்றே உயர்த்தவோ, முன்னோக்கிச் சாயவோ வேலையின் வேகம் இடம் தர வேண்டும்.

முகாம் நடத்தும்போது, நாற்காலியோடு ஏறி எடை பார்க்கும் மேடைத் தராசு வேண்டுமென்று மருத்துவமனையிடம் முன்கூட்டியே கேளுங்கள். காது கேளாத ஊழியருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை வெளியிலிருந்து அழைப்பதே முறை. மேலதிகாரியே அருகில் நின்று மொழிபெயர்த்தால் யார்தான் நோயை மனம்விட்டுச் சொல்வார்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, நிறுவனங்கள் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது. இந்த ஏற்பாடுகளை அதிலேயே எழுத்தில் சேர்த்துவிட்டால், மேலாளர் மாறும்போது மறுபடியும் கேட்டு நிற்க வேண்டியிராது.