குஞ்சுல மிச்சம் பிடிச்சேன், முட்டையில போச்சு

பரமத்தி பக்கம் தோட்டத்துச் சாளையை ஒட்டி 300 முட்டைக்கோழி வெச்சிருக்கேனுங்க. முதல் செட்டுல தீவன விலைக்குப் பயந்து, மூணாவது வாரத்துலயே மக்காச்சோளக் குருணையும் கம்புமாப் போட்டேன். குஞ்சுக சுறுசுறுப்பாத்தான் ஓடுச்சுங்க. 22 வாரமாகியும், முட்டைக்கு வந்தாச் செவக்கற கொண்டை வெளுத்தே கிடந்துது. அப்புறம் வந்த முட்டையும் எலுமிச்சங்காய் மாதிரி. முட்டையிடற கோழிக்குப் போடற லேயர் தீவனத்தை எவ்வளவு கொட்டியும் தேறலை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ரெண்டு கோழியைக் கூடையில தூக்கிட்டுப் போனேன். டாக்டர் நெஞ்செலும்பைத் தடவிப் பாத்துட்டு, "எலும்பு பெரும்பங்கு 12 வாரத்துக்குள்ளயே வளந்துருமுங்க, அப்பப் போடாததை இப்பப் போட்டா எப்படி?"ன்னார்.

அடுத்த செட்டுக்கு எட்டு வாரம் வரைக்கும் 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம். அப்புறம் 16 சதவீதத்துல வளர்தீவனம். வாராவாரம் 30 உருப்படியைத் தராசுல நிறுத்தி நோட்டுல குறிச்சேன். எடை பின்தங்குன வாரம் குஞ்சுத் தீவனத்தையே நீட்டினேன். மீந்த லேயர் தீவன மூட்டையைத் தொடலை. அதுல சுண்ணாம்புச்சத்து 4 சதவீதத்துக்குப் பக்கம், வளர்ற கோழிக்குச் சிறுநீரகம் கெட்டுரும். கொண்டை செவந்தப்புறம்தான் பிரிச்சேன்.

19ஆவது வாரம் முதல் முட்டை. "மூட்டைக்கு நூறு ரூவா மிச்சம் பண்ணுன ஆளு"ன்னு ஊட்டுக்காரி இன்னும் சொல்லிக் காட்டுறா.