டெபியன் சர்வரில் வன்தட்டின் நலத்தைக் கண்காணிப்பது எப்படி?

சர்வரில் மின்விசிறியோ மின்வழங்கியோ பழுதானால் புதிதாக ஒன்றை மாட்டிவிடலாம். வன்தட்டு பழுதானால் அதிலிருந்த தரவும் சேர்ந்து போய்விடும். ஆகவே வன்பொருள் கண்காணிப்பை வன்தட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டெபியன் அல்லது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்கும் ஒரு சர்வரும் அதில் ரூட் உரிமையும் (முழு நிர்வாக உரிமை) உங்களிடம் இருப்பதாகக் கொண்டு இதை எழுதுகிறேன்.

படி 1. மென்பொருள்களை நிறுவும் ஏபிடி கட்டளை மூலம் ஸ்மார்ட்மான்டூல்ஸ் பொதியை நிறுவுங்கள். நாம் கேட்கும்போது வட்டின் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல், பின்னணியில் இருந்தபடி 30 நிமிடங்களுக்கு ஒருமுறை அதைச் சோதிக்கும் ஸ்மார்ட்-டி என இரண்டு நிரல்கள் அதில் உள்ளன. ஒன்றிரண்டு சர்வர் வைத்திருப்பவருக்கு, வரைபடங்கள் காட்டும் பெரிய மென்பொருள்களைவிட இவையே மேல் என்பேன்.

படி 2. ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைச் சிற்றெழுத்து ‘எக்ஸ்’ தெரிவுடன் இயக்குங்கள். மேலே தெரியும் ‘பாஸ்டு’ என்ற சொல்லோடு நிறைவடைந்துவிடாதீர்கள். தயாரிப்பாளர் வகுத்த எல்லையை வட்டு இன்னும் தாண்டவில்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கீழே உள்ள அட்டவணையில் 5 (மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்கள், அதாவது வட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்), 197 (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை), 198 (திருத்த முடியாதவை) ஆகிய வரிசைகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இருக்க வேண்டும். வாரத்துக்கு வாரம் ஏறினால் புதிய வட்டு வாங்கும் நேரம் வந்துவிட்டது. 199 மட்டும் ஏறினால், வட்டைக் குறை சொல்லும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, பழுதானவற்றில் 56 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை வட்டு தன் நிலையைப் பற்றித் தானே தரும் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. எனவே காப்புநகல் இல்லாத சர்வரில் முதலில் அதைச் செய்துவிட்டு இங்கே திரும்புங்கள்.

படி 3. நீண்ட சுயசோதனையைத் தொடங்குங்கள். பெரிய வட்டுகளுக்குப் பல மணி நேரம் ஆகும்; அதுவரை சர்வர் வழக்கம்போல வேலை செய்யும்.

படி 4. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நானும் இங்கேதான் நெடுநேரம் நின்றேன். ஈடிசி அடைவில் உள்ள ஸ்மார்ட்-டியின் அமைப்புக் கோப்பில் ‘டிவைஸ்ஸ்கேன்’ என்று தொடங்கும் ஒரு வரி முன்பே எழுதப்பட்டிருக்கும். அந்த வரிக்குக் கீழே நீங்கள் எதை எழுதினாலும் நிரல் அதைப் படிக்காது, பிழைச்செய்தியும் தராது. அதன் முன்னால் ஒரு # குறியிட்டு முடக்கிவிட்டு, ஒவ்வொரு வட்டுக்கும் தனி வரி எழுதுங்கள். வட்டுகளுக்கு லினக்ஸ் இடும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்கள் மறுதொடக்கத்தில் இடம் மாறக்கூடும் என்பதால், தொடரெண்ணைக் கொண்ட ‘பை-ஐடி’ பாதையையே பயன்படுத்துங்கள்.

அதே வரியில் உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் சோதனை அட்டவணையையும் சேர்க்க வேண்டும். அட்டவணை வகை, மாதம், தேதி, கிழமை, மணி என்ற வரிசையில் அமையும். பொருட்டில்லாத இலக்கத்துக்குப் புள்ளி இட வேண்டும். ‘எல்/../../6/03’ என்றால் சனிக்கிழமைதோறும் அதிகாலை 3 மணிக்கு நீண்ட சோதனை நடக்கும். கோப்பில் இதை ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுங்கள். மணிக்கு இரண்டு இலக்கம் கட்டாயம்.

படி 5. எச்சரிக்கை உங்களை வந்தடைகிறதா என்று பாருங்கள். பெரிய எழுத்து ‘எம்’ தெரிவுடன் ‘டெஸ்ட்’ என்று சேர்த்துச் சேவையை மறுதொடக்கம் செய்தால் உடனே ஒரு சோதனை அஞ்சல் வர வேண்டும். வராவிட்டால் சர்வரில் ‘மெயில்’ கட்டளையோ அஞ்சல் அனுப்பும் நிரலோ இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். இந்த வேலைக்கு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற முழு அஞ்சல் சர்வர் மிகையானது, அஞ்சலை அனுப்ப மட்டும் உதவும் எம்எஸ்எம்டிபி என்ற சிறு நிரல் போதும். அஞ்சல் கைக்கு வந்த பிறகு அந்த ‘எம்’ தெரிவையும் ‘டெஸ்ட்’ என்ற சொல்லையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள்.

பிற்சேர்க்கை: ரெய்டு அட்டை (பல வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அட்டை) பொருத்திய சர்வரில் எதுவும் தெரியவில்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அட்டை தன் பின்னால் உள்ள வட்டுகளை மறைத்துவிடுவதே காரணம்; மெகாரெய்டு வகை அட்டையானால் சிற்றெழுத்து ‘டி’ தெரிவுடன் ‘மெகாரெய்டு’ என்ற சொல்லையும், காற்புள்ளி இட்டு வட்டின் எண்ணையும் தர வேண்டும். என்விஎம்இ எனப்படும் வேகமான எஸ்எஸ்டி வட்டுகளில் 5, 197 போன்ற எண்கள் கிடையாது. அங்கே பயன்படுத்தப்பட்ட ஆயுளின் விழுக்காடு, மீதமுள்ள உதிரி இடம், தரவுப் பிழைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் பாருங்கள். வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில் இவை பொதுவாகத் தெரியாது, ஏனெனில் வட்டு அதை நடத்துபவரின் இயந்திரத்தில் இருக்கிறது.