பழைய ரேஸ் காருக்கு அந்தக் காலத்து எரிபொருள் பாகங்கள்: தேடுவதும் சோதிப்பதும்

பழைய ரேஸ் காரைத் திரும்பக் கட்டுபவர்கள் பலரும் முதலில் கார்புரேட்டரை வாங்கிவிடுகிறார்கள். அந்த மாடல் எதை வைத்து ஓடியது என்பது பிறகுதான் தெரியவருகிறது. இந்த வரிசையை மாற்றினாலே பாதிச் செலவு மிச்சம்.

படி 1: முதலில் ஆவணம்

உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அப்பெண்டிக்ஸ் கே விதிகள் பழைய கார்களைக் காலப்பிரிவுகளாக வகுக்கின்றன. 1962 முதல் 1965 வரை 'எஃப்', 1966 முதல் 1971 வரை 'ஜி', 1972 முதல் 1976 வரை 'எச்'. ஒரு பாகம் அந்தக் காலத்தில் கடையில் கிடைத்தது என்பது மட்டும் போதாது. அந்த மாடல் அதை மாட்டிக்கொண்டு போட்டியில் ஓடியதற்குச் சான்று வேண்டும். ஹோமோலோகேஷன் படிவம் (அந்த மாடலைப் போட்டிக்கு அங்கீகரித்த ஆவணம்), தயாரிப்பாளரின் பாகப் பட்டியல், பானெட் திறந்த நிலையில் அன்று எடுத்த படங்கள் ஆகிய மூன்றையும் சேகரியுங்கள். ஷெல்பியின் 289 கோப்ரா காரைப் பாருங்கள்: சாலைக் காரில் நான்கு காற்றுவழி (பேரல்) கொண்ட ஒரே கார்புரேட்டர், பந்தயக் காரில் வெபர் நிறுவனத்தின் 48 ஐ.டி.ஏ. கார்புரேட்டர் நான்கு. காரின் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்டால் தவறானது வந்து சேரும்.

படி 2: டேங்கிலிருந்து எஞ்சின் வரை பட்டியல்

மூடி, டேங்க், திறந்து மூடும் டேப், ஃபில்டர், பம்ப், ரெகுலேட்டர், குழாய், கார்புரேட்டர் என்று பெட்ரோல் போகும் வழியிலேயே எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: பழையதாகவே இருக்க வேண்டியது, தோற்றம் பழையதாகவும் உள்ளே புதியதாகவும் இருக்க வேண்டியது, பாதுகாப்புக்காகப் புதியதே வேண்டியது. கார்புரேட்டர் உடல் முதல் வகை. ரப்பர், டயஃப்ரம், கேஸ்கெட் எல்லாம் இரண்டாவது. எஃப்.ஐ.ஏ.வின் எஃப்.டி.3 தரப் பாதுகாப்பு டேங்க் (உள்ளே ரப்பர் பை கொண்டது) மூன்றாவது. அதன் பை தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். தயாரிப்பாளர் மறுசோதனை செய்து சான்றளித்தால் இன்னும் 2 ஆண்டுகள். பயன்படுத்தாத டேங்க் என்று யாராவது விற்றால் முதலில் தேதியைப் பாருங்கள்.

படி 3: கார்புரேட்டரின் எண்ணைப் படியுங்கள்

வெபரின் டி.சி.ஓ.ஈ. வகைக் கார்புரேட்டரில் '45 டி.சி.ஓ.ஈ. 9' என்பதுபோல முழுப் பெயர் பொறித்திருக்கும். கடைசி எண்தான் முக்கியம். அது மாறினால், காற்றுவழியை மூடித் திறக்கும் பட்டர்ஃபிளை வால்வு லேசாகத் திறக்கும்போது பெட்ரோல் விடும் புரோகிரஷன் துளைகளின் எண்ணிக்கையும் இடமும் மாறலாம். வெவ்வேறு எண் கொண்ட இரண்டை ஜோடியாக மாட்டினால் ஐடிலிங்கில் சரியாக இருக்கும், ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் தடுமாறும். எத்தனை ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) மாற்றினாலும் அது தீராது. பழையவற்றில் வெபர் தொழிற்சாலை இருந்த இத்தாலியின் 'பொலோனியா' ஊர்ப்பெயர் இருக்கும். பின்னாளில் தயாரிப்பு ஸ்பெயினுக்குப் போனது, 45 டி.சி.ஓ.ஈ. 152 அந்த வகை. நல்ல கார்புரேட்டர்தான், 1960களின் காருக்கு உரியதல்ல.

அமெரிக்கக் கார்புரேட்டரான ஹோலியில் காற்று நுழையும் மேல் வாயில் லிஸ்ட் எண்ணும் (மாடல் எண்) கீழே தேதிக் குறியும் இருக்கும். பழைய மூன்று இலக்கக் குறியில் ஆண்டின் கடைசி இலக்கம், மாதம், வாரம் என்று வரிசை. 652 என்றால் 6இல் முடியும் ஆண்டு, மே மாதம், இரண்டாம் வாரம். எந்தப் பத்தாண்டு என்பதை லிஸ்ட் எண்ணை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

பளபளவென்று இருப்பதைவிட அழுக்காக, முழுமையாக இருப்பதை வாங்குங்கள். கண்ணாடி மணி வீசிச் சுத்தம் செய்த உடலில், ஈயத் தக்கை அடைத்த உள்வழிகளுக்குள் மணிகள் தங்கிவிடும். ஓடும்போது ஜெட்டை அடைக்கும். வாங்கும் முன் பட்டர்ஃபிளைகளைத் தாங்கும் தண்டான ஸ்பிண்டிலை ஆட்டிப் பாருங்கள். இரண்டு பட்டர்ஃபிளைகளும் ஒரே நேரத்தில் மூடுகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒன்று பின்தங்கினால் ஸ்பிண்டில் முறுக்கியிருக்கிறது.

படி 4: ஜெட்

145 என்று பொறித்திருந்தால் துளை 1.45 மி.மீ. பழைய ரேஸ் கார் ஜெட்களை யாராவது துளைத்துப் பெரிதாக்கியிருப்பது சாதாரணம், ஆகவே பொறிப்பை நம்பாமல் பின் கேஜால் (அளவு தெரிந்த ஊசிகளால்) அளவெடுங்கள். தொடக்கக் கணக்கு எளிது: சோக் (இங்கே காற்றுவழியின் குறுகிய பகுதி) அளவை 4ஆல் பெருக்கினால் மெயின் ஜெட், அத்துடன் 50 கூட்டினால் காற்றுக்கான ஜெட்டான ஏர் கரெக்டர். 36 மி.மீ. சோக்குக்கு 144 வரும், அருகிலுள்ள அளவு 145; ஏர் கரெக்டர் 195. மீதியை டைனோவும் (எஞ்சின் திறனை அளக்கும் கருவி) ஸ்பார்க் பிளக்கின் நிறமும் சொல்லும்.

படி 5: பம்பும் அழுத்தமும்

டி.சி.ஓ.ஈ.க்கு 2.5 முதல் 3.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) போதும். ஹோலி 5 முதல் 7 வரை கேட்கும். ஹோலிக்கான பம்பை வெபருக்கு நேராக மாட்டினால் உள்ளே வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு தாங்காது. பெட்ரோல் வழிந்து சூடான எக்சாஸ்ட் மீது விழும். தீ விபத்துக்கு இதுவே போதும்.

பழைய எஸ்.யு. மின் பம்ப் கிடைத்தால் மேசையில் வைத்து மண்ணெண்ணெயில் ஓட்டிப் பாருங்கள். வெளிவழியை மூடினால் டிக் டிக் சத்தம் நிற்க வேண்டும். மெதுவாகத் தொடர்ந்தால் உள்ளே வால்வு கசிகிறது. டயஃப்ரமும் காண்டாக்ட் பாயின்ட்டும் புதிதாகப் போடுங்கள். வெளித்தோற்றம் மாறாது.

படி 6: மரையும் ஹோஸும்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். கால் அங்குல பிரிட்டிஷ் குழாய் மரையான பி.எஸ்.பி. அங்குலத்துக்கு 19 புரி, 55 டிகிரி, அமெரிக்க என்.பி.டி. 18 புரி, 60 டிகிரி. ஒன்று மற்றதில் சில சுற்றுகள் ஏறும், இறுகியதுபோலத் தெரியும், பிறகு கசியும். குழாய் முனையைக் கூம்பாக விரித்து இணைக்கும் ஃப்ளேரில் இன்னும் ஏமாற்று: கால் அங்குலக் குழாயில் 37 டிகிரி ஜே.ஐ.சி.க்கும் 45 டிகிரி எஸ்.ஏ.ஈ.க்கும் மரை ஒன்றே, 7/16-20. கையால் முழுதும் ஏறும். கூம்புகள் ஒரு கோடாக மட்டுமே தொடும். புரி அளவியும் கோண அளவியும் இல்லாமல் பழைய இணைப்பு எதையும் வாங்காதீர்கள்.

பழைய வலைப்பின்னல் ஹோஸின் மேல்புறம் அழகாகவே இருக்கும், உள்ளே ரப்பர் இறுகி உதிர்ந்திருக்கும். கழற்றி மாட்டும் வகை எண்ட் ஃபிட்டிங்குகளை வைத்துக்கொண்டு ஹோஸை மட்டும் புதிதாக வாங்குங்கள். ரப்பர் ஹோஸின் ஃபிட்டிங் பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான்) ஹோஸைப் பிடிக்காது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 தரமாவது வேண்டும். கார்க் கேஸ்கெட்டில் தடவிய ஷெல்லாக்கை எத்தனால் கரைத்துவிடும்.

லூகாஸ் இன்ஜெக்ஷன் என்றால்

கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இந்த முறை 1967இல் ட்ரையம்ஃப் டி.ஆர்.5 சாலைக் காரிலும் ஃபார்முலா 1க்கான காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சினிலும் வந்தது. இரண்டும் ஒரே குடும்பம். ஆனால் பெட்ரோலை அளந்து விடும் மீட்டரிங் யூனிட், சாலைக் காரில் மேனிஃபோல்ட் (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாய்) வெற்றிடத்தால் அளவைக் கட்டுப்படுத்தும், பந்தய யூனிட் ஆக்சிலரேட்டருடன் இணைந்த கேமால். சாலை யூனிட்டை வாங்கி நேராக மாட்ட முடியாது. அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் என்பதால் ஹோஸும் வேறு. பெட்ரோல் இல்லாமல் சுற்றினால் உள்ளே ஷட்டில் (அளந்து விடும் உருளை) கீறிவிடும். வாங்கிய உடனே கையால்கூடச் சுழற்றாமல், லூகாஸ் வேலை தெரிந்தவரின் சோதனை மேசைக்கு அனுப்புங்கள்.

படி 7: மாட்டுவது

கார்புரேட்டரை இணைக்கும் முன் முதல் ஒரு லிட்டரை ஃபில்டர் வழியாக டப்பாவில் விட்டு, வரும் அழுக்கைப் பாருங்கள். பல டி.சி.ஓ.ஈ.களில் பித்தளை ஃப்ளோட்டின் (மிதவையின்) உயரம் 8.5 மி.மீ. மூடியைச் செங்குத்தாகப் பிடித்து, கேஸ்கெட்டோடு, ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் குண்டைத் தொடும் அளவில் மட்டும் அளக்க வேண்டும். குண்டு அழுந்தினால் அளவு பொய். பிறகு எஞ்சினை ஓட்டாமல் பம்பை மட்டும் 5 நிமிடம் இயக்கி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மேனிஃபோல்டில் ஏற்றிவிட்டால் பல எண்கள் மறைந்துவிடும். ஏற்றும் முன்பே ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் படமெடுத்து, படி 1இன் ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்; தொழில்நுட்பப் பரிசோதகர் முதலில் கேட்பது அதைத்தான்.