ஹாட்ஷாட் லோடு ஓட்டலாமா? பிக்கப் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

டெக்சாஸ் நெடுஞ்சாலைகளில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த பெரிய பிக்கப், அது இழுத்துப் போகும் நாற்பதடித் தட்டை டிரெய்லர், அதன் மேல் ஒரு டிராக்டரோ நாலு இரும்புக் குழாயோ. அதுதான் ஹாட்ஷாட். எழுபதுகளில் அங்குள்ள எண்ணெய் வயல்களில் தொடங்கிய வேலை இது. எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ஒரு பாகம் உடைந்தால் மொத்த வேலையும் நின்றுவிடும், பெரிய லாரிக்குக் காத்திருந்தால் மணிக்கு மணி நஷ்டம், அதனால் பாகத்தைப் பிக்கப்பில் போட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இப்போது கட்டுமானச் சாமான், விவசாய இயந்திரம், கார் எல்லாம் இதில் போகிறது.

சொந்தமாக இதில் இறங்க நினைப்பவர்கள் செய்யும் முதல் தப்பு, முதலில் போய் வண்டி வாங்குவது. வேண்டாம். முதல் போன் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போக வேண்டும். பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் எடைத் தகுதி (சரக்கோடு சேர்த்து அதிகபட்சம் இவ்வளவு என்று தயாரிப்பாளர் வண்டித் தகட்டில் குறித்த எடை) உள்ள வண்டியில் மாநிலம் விட்டு மாநிலம் வாடகைக்குச் சாதாரணச் சரக்கு ஏற்ற, சட்டப்படி 7,50,000 டாலர் பொறுப்புக் காப்பீடு வேண்டும். லோடு பிடித்துத் தரும் புரோக்கர்களோ பெரும்பாலும் பத்து லட்சம் டாலரும், சரக்குக்குத் தனியாக ஒரு லட்சமும் கேட்பார்கள். லாரி அனுபவம் இல்லாத புது ஆளுக்கு ஆண்டு பிரீமியம் பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். இந்தத் தொகையைக் கேட்டதுமே பாதிப் பேர் ஆசையை விட்டுவிடுவார்கள், விடுவதும் நல்லதுதான், ஏனென்றால் வண்டி வாங்கிய பிறகு கேட்டால் தவணையும் தலையில் இருக்கும். (எச்1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதைப் பகுதிநேரமாக ஓட்டிச் சம்பாதிக்க முடியாது. சிலர் கேட்டதால் சொல்கிறேன்.)

அடுத்தது எடைக் கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் குழம்புவார்கள். பிக்கப்பின் தகுதி எடையையும் டிரெய்லரின் தகுதி எடையையும் கூட்டினால் 26,001 பவுண்டோ அதற்கு மேலோ வந்து, டிரெய்லர் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டினால், ஏ வகுப்பு வணிக உரிமம், அதாவது சிடிஎல் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, வண்டி காலியாகப் போனாலும் தகட்டில் அச்சடித்திருக்கும் எண்தான் கணக்கு. 14,000 பவுண்டு தகுதியுள்ள ஒரு டூவலியோடு (பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த பிக்கப்) 12,000 தகுதியுள்ள டிரெய்லரை மாட்டினால் சரியாக 26,000, சிடிஎல் தேவையில்லை. ஆனால் அந்த டிரெய்லரே ஏழாயிரம் பவுண்டு வரை எடை இருந்தால் அதன் தகுதியில் சரக்குக்கு மிஞ்சுவது ஐயாயிரம்தான். அந்த எடைக்குள் வரும் லோடு கிடைக்காமல் இல்லை, ஆனால் அதற்குப் போட்டி அதிகம், வாடகை குறைவு. என்னைக் கேட்டால், இதையே பிழைப்பாக நினைப்பவர் சிடிஎல் எடுத்துவிடுவதுதான் சரி. 2022 பிப்ரவரியில் இருந்து, பதிவு பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்த பிறகுதான் முதல்முறை ஏ வகுப்புக்கான ஓட்டுநர் தேர்வுக்கே போக முடியும், அதற்கான பணத்தையும் நாட்களையும் ஒதுக்கி வையுங்கள். சிடிஎல் இருந்தால் போதைப்பொருள் பரிசோதனைக் குழு ஒன்றில் சேர்வதும் கட்டாயம், ஒரே ஆள் கம்பெனியாக இருந்தாலும்.

சிடிஎல் இல்லாவிட்டால் எந்த விதியும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிமாநில வாடகை ஓட்டத்துக்கு மருத்துவச் சான்று வேண்டும், போக்குவரத்துத் துறை தரும் டாட் எண் வேண்டும், வேலை நேர விதியும் உண்டு: பத்து மணி நேர ஓய்வுக்குப் பின் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம், எட்டு மணி நேரம் ஓட்டிய பிறகு அரை மணி நேரம் இடைவேளை. இதை மின்னணுக் கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் அதிகாரி கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்ற பழைய விதியையும் 2025 ஜூனில் இருந்து கடுமையாகப் பார்க்கிறார்கள், தெரியாவிட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

சரி, கம்பெனிப் பதிவுக்கு வருவோம். எல்எல்சி என்ற வகைக் கம்பெனி ஒன்று, வரித்துறையின் இஐஎன் எண் ஒன்று (இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்), கூட்டாட்சிப் போக்குவரத்துத் துறையிடம் டாட் எண், வாடகைக்குச் சரக்கு ஏற்றும் அனுமதி. அனுமதிக் கட்டணம் 300 டாலர். இன்சூரன்ஸ் கம்பெனி தன் பக்கப் படிவத்தைப் போட வேண்டும், உங்கள் சார்பில் சட்ட அறிவிப்புகளை வாங்கிக்கொள்ளும் முகவர் ஒருவர் பிஓசி-3 என்ற படிவத்தைப் போட வேண்டும், அப்புறம் சில வாரங்கள் காத்திருப்பு. உங்கள் எண் பொதுப் பட்டியலில் ஏறிய அன்றே போன் அடிக்க ஆரம்பித்துவிடும். அரசாங்கக் கடிதம் மாதிரியே முத்திரையோடு, உடனே பணம் கட்டு என்று தபால்கூட வரும். எனக்கு முதல் வாரத்தில் வந்த போன்களில் பாதி, நான் ஏற்கெனவே முடித்துவிட்ட வேலைக்குக் காசு கேட்டவை.

இத்தனைக்கும் பிறகு அனுமதி வந்தாலும், புது எண்ணுக்கு லோடு தர மாட்டோம், மூன்று மாதமோ ஆறு மாதமோ போகட்டும் என்று சொல்லும் புரோக்கர்கள் நிறைய. அதனால் முதல் ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். இல்லையென்றால் முதல் வருஷம் வேறொரு கம்பெனியின் அனுமதியின் கீழ் உங்கள் வண்டியை ஓட்டுங்கள். அவர்கள் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் தொழில் கைக்கு வந்துவிடும்.

லோடு தேட டிஏடி, டிரக்ஸ்டாப் மாதிரி இணையப் பலகைகள் உண்டு. அங்கே தெரியும் வாடகையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஹூஸ்டனில் இருந்து மிட்லண்டுக்கு ஏறக்குறைய 500 மைல், மைலுக்கு இரண்டு டாலர் என்றால் ஆயிரம் டாலர் வருகிறது என்று வையுங்கள். ஏற்றும் இடத்துக்குப் போக ஐம்பது மைல் காலி, திரும்பி வர 500 மைல் காலி, ஆக 1,050 மைல். இப்போது மைலுக்கு ஒரு டாலர்கூடத் தேறவில்லை. காலனுக்குப் பத்து மைல் என்றால் டீசலே 105 காலன், காலன் மூன்றரை டாலர் வீதம் 367 டாலர் போய்விட்டது. மிச்சத்தில் இன்சூரன்ஸ், டயர், தவணை, இரண்டு நாள் உங்கள் உழைப்பு. ரிட்டர்ன் லோடு இல்லாமல் வண்டி எடுக்காதே என்று நாமக்கல் லாரிக்காரர் சொல்வது இங்கேயும் அப்படியே பொருந்தும். ஏற்றுக்கொள்ளும் முன்பே, இறக்கும் ஊரில் இருந்து என்னென்ன லோடு கிளம்புகிறது என்று பலகையில் பார்த்துவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் திரும்பும் மைலுக்கும் சேர்த்து வாடகை கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். நான் முதல் மாதத்தில் வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டே நிறைய இழந்தேன்.

வாடகை உறுதிச் சீட்டு கைக்கு வந்து, படித்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் வண்டி நகர வேண்டும். காத்திருப்புக் கூலி எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு, லோடு ரத்தானால் என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பணம் வர முப்பது நாள் ஆகலாம். பில்லை வாங்கிக்கொண்டு உடனே பணம் தரும் ஃபாக்டரிங் கம்பெனிகள் கொஞ்சம் சதவீதம் பிடிப்பார்கள், ஆனால் அந்தப் புரோக்கர் ஒழுங்காகப் பணம் கொடுப்பவரா என்று அவர்களே பார்த்துச் சொல்வதால் புது ஆளுக்கு அது லாபம்தான். ஒருமுறை அப்படிப் பார்க்காமல் ஒரு லோடு எடுத்தேன். அந்த ஆள் வேறொரு புரோக்கரிடம் லோடை வாங்கி எனக்குக் கைமாற்றிவிட்டவர் என்பது பணம் வராதபோதுதான் தெரிந்தது.

லோடைக் கட்டுவதில் சோம்பல் படாதீர்கள். முன்னால் தடுப்பு இல்லாமல் இருபதடிக் குழாய் ஏற்றினால் குறைந்தது மூன்று பெல்ட். பத்தாயிரம் பவுண்டும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் என்றால் நாலு இடத்தில் சங்கிலி. கிளம்பி முதல் ஐம்பது மைலுக்குள் நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி, குழாய் லோடுகளில் பெல்ட் தளர்ந்திருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் புதுக் கம்பெனிக்கான பாதுகாப்புத் தணிக்கை வரும். நேரப் பதிவு, பராமரிப்புச் சீட்டு, மருத்துவச் சான்று, இன்சூரன்ஸ் எல்லாம் கேட்பார்கள். ஆயில் மாற்றிய ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள், தணிக்கையில் அதையும் கேட்டார்கள்.